கன்றுக்குட்டிக்கு மேல்மூச்சு வாங்கினால்

வெக்கை, அடைப்பான், சப்பை, கோமாரி. மாட்டு நோய் என்று பேச்செடுத்தால் நம் வீட்டுப் பெரியவர்கள் வாயில் இந்தப் பெயர்கள்தான் முதலில் வரும். ஒவ்வொன்றும் ஊர் ஊராகத் தொழுவத்தைக் காலி செய்த நோய். கன்றுக்குட்டிக்கு வரும் நிமோனியாவுக்கு அப்படி ஒரு பெயர்கூட எங்கள் பக்கத்தில் கிடையாது. "கன்னுக்குப் பனி தாக்கிடுச்சு", "ரெண்டு நாளா செருமிக்கிட்டே கெடக்கு", "மேல்மூச்சு வாங்குது" என்பார்கள். மூன்றாம் நாள் வந்து, "போயிடுச்சுங்க" என்று சொல்லிவிட்டுத் தாய்ப்பசு மடியை இறக்கப் பால் சுரக்க மாட்டேன் என்கிறதே, அதற்கு என்ன வழி என்று கேட்பார்கள்.

கால்நடைப் பராமரிப்புத் துறையில் கால்நடை ஆய்வாளராக 33 ஆண்டுகள் இருந்தேன். பெரும்பகுதி தஞ்சைக் கீழ்த்திசை, மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கம். ஐப்பசி அடைமழை தொடங்கித் தை மாதப் பனி விலகும்வரை எங்கள் மாட்டாஸ்பத்திரி வாசலில் கன்றுகள்தான் அதிகம். இந்த நோய்க்கு அந்தக் காலத்தில் என்ன செய்தார்கள், எது எப்போது மாறியது என்பதைக் கொஞ்சம் எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

வெள்ளைக்காரன் ஆட்சியில் மாட்டு வைத்தியம் சர்க்கார் காரியமானதே குதிரையால்தான். ஓசூர் கால்நடைப் பண்ணை 1824-ல் தொடங்கியது ராணுவக் குதிரைகளுக்காக. மாடு அப்புறம்தான் கண்ணில் பட்டது. அதுவும் கொள்ளைநோயில் உழவு மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்து, வரி வசூல் ஆட்டம் கண்டபோது. 1869-ல் ஹாலன் என்ற ராணுவக் கால்நடை மருத்துவர் தலைமையில் ஒரு கமிஷன் போட்டார்கள். அதன் அறிக்கை 1871-ல் வந்தது. அவர்கள் தேடியது முக்கியமாக வெக்கை நோயை. பின்னர் 1889-ல் புனேயில் நுண்ணுயிர் ஆய்வுக்கூடம் தொடங்கி, 1893-ல் அதை இமயமலைச் சாரலில் முக்தேஸ்வருக்கு மாற்றினார்கள். அங்கேயும் முதல் வேலை வெக்கைதான். ஒரே வாரத்தில் நூறு மாடு சாகும் நோய்க்குக் கணக்கு எழுதினார்கள். வீட்டுக்கு ஒன்றாக, சத்தமில்லாமல் போகும் கன்றுகளுக்கு அந்தக் கணக்கில் இடம் இருக்கவில்லை.

நம் மாகாணத்தில் 1903-ல் சென்னை வேப்பேரியில், டாபின் ஹால் என்ற கட்டடத்தில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. அதில் படித்து வெளிவந்தவர்கள் பெயருக்குப் பின்னால் ஜி.எம்.வி.சி. என்று போட்டுக்கொள்வார்கள். 1936-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து பி.வி.எஸ்ஸி. பட்டம் வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தப் பழைய தலைமுறையிடம் பாடம் கேட்ட டாக்டர்கள் இருந்தார்கள். இனி நான் சொல்வதில் பாதி அவர்கள் வாய்வழி வந்தது.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். வளர்ந்த மாட்டுக்கு நுரையீரலையும் அதன் உறையையும் பிடிக்கும் தொற்றுநோய் ஒன்று உண்டு. ஐரோப்பாவை அது ஆட்டிவைத்தது. பெல்ஜியத்தில் வில்லெம்ஸ் என்பவர் 1852-ல் நோயுற்ற நுரையீரலின் நீரை நல்ல மாட்டின் வால் நுனியில் குத்தித் தடுப்பு ஏற்படுத்திக் காட்டினார். பல மாடுகளுக்கு வாலே அழுகி விழுந்ததாம். நம் நாட்டில் அது அஸ்ஸாம் பக்கம் இருந்து, 2007-ல் இந்தியா அதிலிருந்து விடுபட்டதாக உலக அமைப்பு ஏற்றுக்கொண்டது. நம் கன்றுக்கு மழைக்காலத்தில் வருவது அது இல்லை. இது பல கிருமிகள் கூட்டுச் சேர்ந்து செய்யும் வேலை. முதலில் ஏதோ ஒரு வைரஸ் மூச்சுக்குழாயின் காவலைக் கெடுக்கும். பிறகு, ஏற்கெனவே மூக்கிலும் தொண்டையிலும் சாதுவாகக் குடியிருந்த பாக்டீரியா உள்ளே இறங்கும். அதில் முக்கியமான ஒன்றைப் பாஸ்சுரெல்லா என்று படித்தோம். 1999-ல் அதன் பெயரை மான்ஹீமியா என்று மாற்றிவிட்டார்கள். பெயர் மாறினாலும் கன்று மூச்சுத் திணறுவது அதே மாதிரிதான்.

ஊசி வருவதற்கு முன் வீட்டு வைத்தியம். அதை முழுக்கப் பழிக்கவும் மாட்டேன், முழுக்கப் புகழவும் மாட்டேன். நொச்சி இலையைக் கொதிக்கவைத்து ஆவி பிடிக்கச் செய்தார்கள். அது நல்ல காரியம். கல்லூரியில் படித்த டாக்டரும் கொதிநீரில் யூகலிப்டஸ் தைலமோ சாம்பிராணி டிஞ்சரோ விட்டு, கோணிப்பையால் மூடி, அதே ஆவியைத்தான் பிடிக்கச் சொன்னார். சுக்கு, மிளகு, ஓமம், வெல்லம் சேர்ந்த உருண்டையாலும் கெடுதல் இல்லை. விலாவில் சூடு போட்டது வீண் கொடுமை. உம்பளச்சேரி மாட்டுக்கு எதற்கெடுத்தாலும் சூடு போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். மூச்சு முட்டிக் கிடக்கும் கன்றைப் பிடித்து அழுத்திச் சூடு போட்டால் இருக்கிற மூச்சும் போகும்.

எல்லாவற்றையும்விட அதிகம் கொன்றது மூங்கில் குழாய். கஷாயத்தைக் குழாயில் ஊற்றி, கன்றின் தலையை வானத்தைப் பார்க்கத் தூக்கிப் பிடித்து, வாயில் கவிழ்ப்பார்கள். நன்றாக இருக்கும் கன்று விழுங்கிவிடும். இருமுகிற கன்று விழுங்காது. இருமலுக்கு முன் மூச்சை இழுக்கும்போது கஷாயம் நேரே நுரையீரலுக்குள் போகும். இல்லாத நிமோனியாவையும் அது உண்டாக்கும், இருந்ததை இரட்டிப்பாக்கும். நல்லெண்ணெய் கலந்த மருந்தென்றால் இன்னும் மோசம், எண்ணெய் நுரையீரலைவிட்டு வெளியே வராது. இது தெரிந்துதான் அந்தக் காலத்து டாக்டர்கள் கற்பூரம், அம்மோனியம் கார்பனேட், வெல்லப்பாகு முதலியவற்றைக் குழைத்து லேகியமாக்கி, சிறு மரக்கரண்டியால் நாக்கின் அடியில் தடவச் சொன்னார்கள். பயிற்சியில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான்: இருமும் மாட்டுக்கு வாய்வழி நீர் ஊற்றாதே.

கன்றுக்கு ஏன் இத்தனை சுலபமாக வருகிறது? மனிதக் குழந்தைக்குத் தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி கருவிலேயே வந்து சேர்கிறது. பசுவின் நஞ்சுப்பை அமைப்பு அதைக் கடத்திவிடாது. கன்று பிறக்கும்போது வெறுங்கையோடு பிறக்கிறது. எல்லாம் சீம்பாலில்தான். அதுவும் பிறந்த சில மணி நேரம்வரை குடல் அதை முழுதாக உறிஞ்சும், போகப்போகக் கதவு சாத்திக்கொண்டே வந்து ஒரு நாளில் அடைத்துவிடும். இதை அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித், ரால்ப் லிட்டில் என்ற இருவர் 1922-ல் சோதனை செய்து காட்டினார்கள். சீம்பால் குடிக்காத கன்றுகளில் பெரும்பாலானவை சில நாட்களில் செத்தன, குடித்தவை பிழைத்தன.

நம் ஊரில் என்ன நடந்தது? நஞ்சுக்கொடி விழும்வரை கன்றை மடியில் விடக்கூடாது என்பது சாஸ்திரம் போல இருந்தது. விட்டால் நஞ்சு விழாதாம். உண்மை நேர்மாறு, கன்று முட்டிக் குடித்தால்தான் கருப்பை சுருங்கி நஞ்சு சீக்கிரம் விழும். காலையில் ஈன்ற பசுவுக்கு நஞ்சு விழச் சாயங்காலம் ஆகும். அதை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டிவிட்டு வந்து கன்றை அவிழ்ப்பார்கள். அதற்குள் கதவு பாதி சாத்தியிருக்கும். மிச்சத்தை நாம் சாப்பிட்டோம். வெல்லமும் ஏலக்காயும் போட்டு அவித்த சீம்பாலை ருசிக்காதவர்கள் நம் வயதில் யார் இருக்கிறார்கள்? தெருவில் ஏழு வீட்டுக்குக் கிண்ணம் போகும். நாட்டுப் பசுவின் சீம்பாலே கொஞ்சம், அதில் தெருவுக்குப் போக மிஞ்சியதுதான் கன்றுக்கு. கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது இருபது கிலோ கன்றுக்கு இரண்டு லிட்டர், முதல் சில மணி நேரத்துக்குள் போக வேண்டும் என்று நாங்கள் வீடு வீடாகச் சொன்னோம். கேட்டுக்கொண்டு தலையாட்டுவார்கள். ஏழு வீட்டுக் கிண்ணத்தை நிறுத்த யாருக்கும் மனம் வராது. பண்ணைகளில் சொன்னது நடந்தது, தெருக்களில் நடக்க இன்னும் ஒரு தலைமுறை ஆனது.

மருந்து வந்த கதை மனித வைத்தியத்தின் நிழலில் வந்தது. ஜெர்மனியில் டோமாக் என்பவர் சாய வேதிப்பொருள்களைச் சோதித்துக்கொண்டிருந்தபோது 1932-ல் ஒரு சிவப்புச் சாயம் எலிகளைக் கிருமியிலிருந்து காப்பாற்றியது. 1935-ல் வெளியுலகுக்குத் தெரிந்தது. சல்ஃபா மருந்துகள் அதிலிருந்து கிளைத்தவை. 1938-ல் இங்கிலாந்தில் மே அண்ட் பேக்கர் கம்பெனியின் எம் அண்ட் பி 693 வந்தது. நம் அப்பாக்கள் காலத்தில் நிமோனியா என்றால் எம் அண்ட் பி மாத்திரைதான். 1943 டிசம்பரில் வட ஆப்பிரிக்காவில் நிமோனியாவில் படுத்த சர்ச்சிலுக்கும் அதுதான் கொடுக்கப்பட்டது.

மாட்டுக்கு ஏற்றதாக அமைந்தது அந்தக் குடும்பத்தில் சல்ஃபாடிமிடின். ஒரு முறை போட்டால் மாட்டு ரத்தத்தில் ஒரு நாள்வரை நிற்கும். தினம் ஒரு ஊசி போட்டால் போதும், சைக்கிளில் பத்து மைல் போகிறவனுக்கு அது பெரிய விஷயம். முதல் நாள் இரட்டை அளவு, அடுத்த நாட்களில் பாதி. கழுத்து நரம்பில் மெதுவாக ஏற்ற வேண்டும். காரமான மருந்து, நரம்பை விட்டு வெளியே ஒழுகினால் கழுத்து வீங்கிக் கட்டியாகும். கன்றுக்குத் தண்ணீர் நிறையக் காட்டவேண்டும், இல்லாவிட்டால் சிறுநீரகத்தில் மருந்தே கல்லாகப் படியும். கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கவைத்து, ஊசி முனையைச் சாணைக்கல்லில் தீட்டி, காளியாகுடிக் காபியைக்கூடத் தியாகம் செய்துவிட்டுக் கிளம்புவோம்.

1954-ல் புனே அருகே பிம்ப்ரியில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் என்ற அரசு நிறுவனம் பென்சிலின் தயாரிக்கத் தொடங்கப்பட்டது. அதற்குப் பிறகுதான் பென்சிலின் நம் மாட்டாஸ்பத்திரி அலமாரிவரை எட்டிப்பார்க்கும் விலைக்கு இறங்கியது. ஸ்ட்ரெப்டோமைசினோடு சேர்ந்த டைக்ரிஸ்டிசின் குப்பியை அந்தத் தலைமுறைக் கறவைக்காரர்களே பெயர் சொல்லிக் கேட்பார்கள். பிறகு மஞ்சள் நிறத்தில் டெர்ராமைசின். பட்டியல் அதற்கப்புறம் நீண்டுகொண்டே போனது, அதில் எனக்கு அவ்வளவு சுவாரசியம் இல்லை.

மருந்து வந்த அதே காலத்தில் நோயும் பெருகியது என்பதுதான் விசித்திரம். ஜெர்சிக் கலப்பினம் வந்தது. சமவெளிக்கு ஜெர்சி, நீலகிரி போன்ற மலைக்கு ஃபிரீசியன் என்பது நம் மாநிலத்தின் கொள்கை. உம்பளச்சேரிக் கன்று பிறக்கும்போது செங்காவி நிறத்தில் நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு இருக்கும், ஆறு ஏழு மாதத்தில் சாம்பல் நிறமாகும். சேற்றிலும் மழையிலும் பல தலைமுறை நனைந்து தேறிய ஜாதி. அதன் தாய் கறந்தது படியளவு பால், கன்று பெரும்பாலும் தாயோடுதான் நின்றது. ஜெர்சிக் கலப்புப் பசுவின் பால் சொசைட்டிக்குப் போக வேண்டும். கன்றைப் பிரித்துக் கட்டினார்கள், பாட்டிலில் ஊட்டினார்கள், அதுவும் தலையைத் தூக்கிப் பிடித்து. கடன் வாங்கி வாங்கிய மாடு என்பதால் பத்திரமாகக் கீற்றுத் தட்டியால் நாலு பக்கமும் அடைத்தார்கள். உள்ளே மூத்திர நெடி கண்ணைக் கரிக்கும். கொசுவுக்கு வேறு இரவெல்லாம் மூட்டம். அந்தப் புகையிலும் நெடியிலும் பிஞ்சு நுரையீரல் என்ன ஆகும்? "தட்டியில் மேல் ஒரு முழம் திறந்து வையுங்கள், கீழே மட்டும் காற்று அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்பது நான் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியம்.

ஊசி போடுவது ஐந்து நிமிடம். மீதி இருபத்து மூன்று மணி ஐம்பத்தைந்து நிமிடமும் கன்று வீட்டுக்காரர் கையில் இருக்கிறது. வரலாற்றுப் புத்தகத்தில் மருந்தைக் கண்டுபிடித்தவர்கள் பெயர் உண்டு, ராத்திரி கண்விழித்தவர்கள் பெயர் இல்லை. அதனால் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். எண்பதுகளின் நடுவில் ஒரு கார்த்திகை மாதம். ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டத்தில் வங்கிக் கடனில் பசு வாங்கிய ஒரு விதவை அம்மாள். கணவர் போய் மூன்று வருஷம், இரண்டு பெண் குழந்தைகள். பசு ஈன்றது கிடேரிக் கன்று, இருபது நாள் வயது. நாங்கள் போனபோது கழுத்தை நீட்டி, முன்னங்கால் முட்டிகளை வெளியே தள்ளிக்கொண்டு, ஒவ்வொரு மூச்சை விடும்போதும் முனகியது. கன்றுக்கு நிமிடத்துக்கு முப்பது மூச்சு என்பது சாதாரணம், அதற்கு எண்பதைத் தாண்டியது. காய்ச்சல் 105-க்கு மேல். காது இரண்டும் தொங்கிவிட்டது.

டாக்டர் ஊசியைப் போட்டுவிட்டு அந்த அம்மாளை உட்காரவைத்துப் பேசினார். கன்றைப் பக்கவாட்டில் சாயவிடக் கூடாது, சாய்ந்தால் கீழ்ப்பக்க நுரையீரல் நசுங்கி அதில் நீர் தேங்கும். நெஞ்சைத் தரையில் ஊன்றி உட்காரவையுங்கள். இரண்டு மணிக்கு ஒரு தடவை பின்பக்கத்தை வலம் இடம் மாற்றுங்கள். படுக்கை நனையக் கூடாது. பாலை ஊற்றாதீர்கள், விரலைப் பாலில் நனைத்துச் சப்பக் கொடுங்கள், சப்பினால் மட்டும் மேலே கொடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக, நாளைக்கு ஐந்தாறு தடவை. சப்பாவிட்டால் எனக்கு ஆள் அனுப்புங்கள்.

அந்த அம்மாள் இரண்டு பதர் மூட்டையைக் கட்டி இருபுறமும் அணை கொடுத்தார். கோணிச் சாக்கைக் கிழித்து முதுகுக்குச் சட்டை தைத்தார். வீட்டில் கடிகாரம் கிடையாது. கடைசி பஸ் போனதும் ஒரு தடவை, இரண்டாம் ஆட்டம் சினிமா விட்டு ஜனம் வரும்போது ஒரு தடவை, முதல் பஸ்ஸுக்கு முன்னால் இரண்டு தடவை என்று கணக்கு வைத்துக் கன்றைத் திருப்பினார். மூக்கில் சளி காய்ந்து அடைக்கும்போதெல்லாம் வெந்நீர்த் துணியால் துடைத்தார். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. "காய்ச்சல்தான் விட்டுடுச்சே தம்பி, இன்னும் எதுக்குப் பச்சைப்பிள்ளையைக் குத்துறீங்க?" என்று கேட்டார். இங்கேதான் பலர் கன்றை இழப்பார்கள். இரண்டு ஊசியில் தெளிந்துவிட்டது என்று நிறுத்துவார்கள், பத்தாம் நாள் திரும்ப வரும், அப்போது பழைய மருந்து கேட்காது. டாக்டர் விடாமல் ஐந்து நாள் போட்டார். கன்று பிழைத்தது. வளர்ச்சி கொஞ்சம் மந்தம்தான், நிமோனியா கண்ட கன்று தன் ஜோடிக் கன்றுகளைவிடப் பிந்தித்தான் பருவத்துக்கு வரும். ஆனாலும் சினைப்பட்டு, ஈன்று, சொசைட்டிக்குப் பால் ஊற்றியது. வங்கிக் கடனின் பின்பாதியை அடைத்தது அந்தக் கிடேரிதான்.

காளைக்கன்றாக இருந்திருந்தால்? இதையும் சொல்லாமல் விட்டால் வரலாறு அரைகுறையாகிவிடும். ஏர் மாடு ஓட்டிய காலத்தில் காளைக்கன்றுக்குத்தான் மதிப்பு, அதற்குத்தான் உளுந்தங்கஞ்சி. டிராக்டர் வந்தபின், அதிலும் திமில் இல்லாத கலப்பினக் காளைக்கு நுகத்தடி சரியாக உட்காராது என்று ஆனபின், கதை தலைகீழானது. கிடேரி இருமினால் அன்றே ஆள் வரும். காளைக்கன்று இருமினால் யாரும் வருவதில்லை. நான் வீட்டுக்காரர்களைக் குறை சொல்லமாட்டேன், ஒரு ஊசியின் விலைக்கு இரண்டு நாள் அரிசி வரும். ஆனால் அந்தத் தொழுவங்களுக்குப் பக்கத்து வீட்டுக் கிடேரியைப் பார்க்கப் போகும்போது காதில் விழுந்த இருமல் இன்னும் காதிலேயே இருக்கிறது.

தொண்ணூறுகளில் காய்ச்சலையும் வலியையும் இறக்க டைக்ளோஃபெனாக் ஊசி மாட்டுக்கும் வந்தது. மலிவு, வேகம். படுத்த கன்று ஒரு மணி நேரத்தில் எழுந்து பால் குடிக்கும், வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிடுவார். அதே பத்தாண்டுகளில் நாடு முழுவதும் பாறு கழுகுகள் காணாமல் போயின. நூற்றில் தொண்ணூற்றைந்துக்கு மேல் போய்விட்டன. காரணம் பிடிபடவில்லை. 2004-ல் லிண்ட்ஸே ஓக்ஸ் என்பவரின் குழு பாகிஸ்தானில் செத்த கழுகுகளை அறுத்துப் பார்த்து, மாட்டுப் பிணத்தில் மிஞ்சிய டைக்ளோஃபெனாக் அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றது என்று நிறுவியது. இந்தியா 2006-ல் கால்நடைக்கு அதைத் தடை செய்தது. இப்போது மெலாக்ஸிகாம் போடுகிறார்கள், கழுகுக்கு அது கெடுதல் செய்யவில்லை. கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் ஆகியவற்றையும் 2023-ல் தடை செய்துவிட்டார்கள். நம் மாநிலத்தில் மிஞ்சிய கழுகுகள் முதுமலை, மாயாறு பள்ளத்தாக்குப் பக்கம்தான். தொழுவத்தில் இருமும் கன்றுக்கும் மாயாற்றுக் கழுகுக்கும் முடிச்சு இருக்கும் என்று நாங்கள் யாரும் கனவிலும் நினைத்ததில்லை.

இப்போது 1962 என்ற எண்ணுக்கு அடித்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வாசலுக்கே வருகிறது. கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கவைக்கும் வேலை இல்லை. என் பேரன் வயதுள்ள ஒரு டாக்டரைப் போன மார்கழியில் சந்தித்தேன். நிமோனியாக் கன்று என்றால் இப்போதெல்லாம் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். புதிய மருந்துகளின் பெயர்களைச் சொன்னார், பாதி எனக்குப் புரியவில்லை. பிறகு, "நெஞ்சு தரையில் ஊன்ற உட்காரவைத்து ரெண்டு மணிக்கு ஒருதரம் திருப்பச் சொல்வேன் சார், ஆனால் ராத்திரி யார் எழுந்திருக்கிறாங்க?" என்றார்.